புளி போட்டுத் துலக்கிய ரோமக் காசு

ஹட்டனுக்கு அருகே எங்கள் தோட்டத்து லயத்தில், ஒரு பெரியவர் துணி முடிச்சை அவிழ்த்து என் கையில் ஒரு காசை வைத்தார். 1977 வன்செயலின்போது மலையகத்தை விட்டு வன்னிக்குப் போன குடும்பம் அவருடையது. மன்னார் மாந்தைப் பக்கம் கூலிக்குக் கிணறு வெட்டியபோது அகப்பட்டதாம். 2009இல் மெனிக் பாம் முகாம்வரை அவர் மடியில் வந்த சில பொருட்களில் இதுவும் ஒன்று.

“தம்பி, ஒரு ஆள் ஐயாயிரம் தாறேங்கிறான். குடுத்திரலாமா?”

பழைய காசுகளைப் பார்ப்பது என் பல வருடப் பழக்கம். மலையகத்தில் ஆங்கில எழுத்தோடு கிடைக்கும் செம்புக் காசுகள் பெரும்பாலும் இருநூறு வருடங்களுக்கு உட்பட்டவை. ஒரு பக்கம் விக்டோரியா மகாராணி தலையும் மறுபக்கம் மரமும் 1870 என்ற ஆண்டும் இருந்தால் அது இலங்கைச் சதம். வணிக நிறுவனத்தின் பெயர் இருந்தால் காப்பிக் காலத்து டோக்கன். இவை இயந்திரத்தில் அடித்தவை. வட்டம் சீராக இருக்கும்.

பெரியவரின் காசு அப்படியில்லை. விளிம்பு கோணலாக இருந்தது. அகலம் விரல் நகத்தளவு. நகைக்கடைத் தராசில் இரண்டு கிராமுக்குச் சற்று மேல். இலங்கையில் கிடைக்கும் ரோமக் காசுகளில் மிகப் பெரும்பாலானவை இப்படிப்பட்ட, கி.பி. 4, 5ஆம் நூற்றாண்டுச் சிறு வெண்கலக் காசுகளே.

முன்பக்கம் வலப்புறம் பார்க்கும் தலை, அதில் முத்துப்பட்டி. சுற்றிவர ‘டி என்’ என்று தொடங்கும் எழுத்துகள். ‘எங்கள் தலைவர்’ என்பதன் லத்தீன் சுருக்கம். தொடர்ந்து ‘கான்ஸ்டான்’ என்பதுவரை தெரிந்தது. பின்பக்கம் ஒரு படைவீரன், குதிரையிலிருந்து விழும் எதிரியை ஈட்டியால் குத்துகிறான். இந்தக் காட்சி 348க்குப் பிறகு வந்தது. எனவே பெரும்பாலும் 337 முதல் 361வரை ஆண்ட இரண்டாம் கான்ஸ்டான்டியஸின் காசு. எழுத்து வெறும் கோடுகளாகக் குழம்பியிருந்தால், இலங்கையிலேயே ரோமக் காசைப் பார்த்து அடித்த உள்ளூர்க் காசாக இருக்கலாம். அதற்கும் வரலாற்று மதிப்பு உண்டு.

காசின் அடியில் அச்சடித்த நகரத்தின் குறி இருக்க வேண்டும். அந்தியோக்கியாவா, அலெக்சாந்திரியாவா என்பதை அதுதான் சொல்லும். அந்த இடம் வழவழவென்றிருந்தது.

“புளியும் சாம்பலும் போட்டு நல்லாத் துலக்கினேன் தம்பி,” என்றார்.

குத்துவிளக்குக்குச் சரியான வேலை. பழங்காசுக்கு அதுவே எதிரி. பச்சைப் படலத்தோடு எழுத்தும் போய்விடும். மண் ஒட்டியிருந்தால் அப்படியே விடுங்கள். சாய்ந்த வெளிச்சத்தில் இருபக்கமும் படம் எடுத்தால் தேய்ந்த எழுத்தும் தெரியும்.

இந்த வகைக் காசு உலகில் ஏராளம். இதன் பெறுமதி மாந்தையில் கிடைத்தது என்பதில்தான். மாதோட்டம் என்று தேவாரம் பாடிய அதே துறைமுகம். 1980இல் அங்கே தொடங்கிய அகழாய்வு 1984இல் போரால் நின்றது. வியாபாரி கைக்குப் போனால் கிடைத்த இடம் அன்றே அழிந்துவிடும். தொல்பொருள் கட்டளைச் சட்டப்படி, கண்டெடுத்ததை அறிவிக்கவும் வேண்டும். அரசத் திணைக்களத்தின் மீது நம் மக்களுக்குள்ள அச்சம் எனக்குத் தெரியும். முதலில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வரலாற்றுத் துறையினரிடம் காட்டி ஆலோசனை கேட்கலாம்.

எந்தக் காணி, எந்த வருடம், எத்தனை அடி ஆழம் என்று அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். 1948இல் பிரசாவுரிமை பறிக்கப்பட்டபின், ஒரு துண்டுக் கடதாசிக்காக அலைந்த தலைமுறை அவருடையது. எழுதி முடித்ததும் வாங்கி, காசோடு சேர்த்து முடிந்துகொண்டார்.

“இப்ப இதுக்கும் ஊர் இருக்கு,” என்றார்.