உங்களுக்குத் தெரியுமா? – கடற்பசுவின் மேய்ச்சல் தடம்

இராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே சிதறிக் கிடக்கும் 21 தீவுகளையும் அவற்றைச் சூழ்ந்த சமுத்திரத்தையும் 1986-இல் தேசியப் பூங்காவாக்கிய பின்னரும், அங்குள்ள ஜீவராசிகளைக் கணக்கெடுப்பது எளிய காரியமாகிவிடவில்லை. கடற்பசுவோ கூச்ச சுபாவமுள்ள பிராணி. சில நிமிஷங்களுக்கு ஒருமுறை மூச்செடுக்க மூக்கை நீட்டிவிட்டு மறைந்துவிடும். ஆகையால், அது கடற்புல்லை வேரோடு பிடுங்கித் தின்றுசென்ற இடத்தில் மணல் தெரிய நீண்டு கிடக்கும் தடத்தை ஆராய்ச்சியாளர் மூழ்கித் தேடுகின்றனர். கயிற்றைத் தரையில் நீட்டி, அதனோரம் சதுரச் சட்டத்தை வைத்து, உள்ளே அடங்கும் புல்லின் இனத்தையும் அடர்த்தியையும் குறிக்கின்றனர். கடற்பசுவை ‘ஆவுளியா’ என்று அழைக்கும் மீனவரின் பரம்பரை அனுபவத்தையும் விசாரித்தறிகின்றனர். என் அபிப்பிராயத்தில் அது எந்தக் கருவிக்கும் குறைந்ததன்று. வடக்கே பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பைக் கடற்பசுக் காப்பகமாகத் தமிழக அரசு 2022-இல் அறிவித்தது. இந்தியாவில் இவ்வகையில் முதலாவது அதுவே.