மீண்டும் சாரதி ஆசனத்தில்



பொரளைச் சந்தியில் சில நிமிடங்கள் நின்று பாருங்கள். வாட் பிளேஸ் வழியாகத் தேசிய வைத்தியசாலையை நோக்கி அம்புலன்ஸ் வண்டிகள் விரைகின்றன. அருகிலேயே லேடி றிஜ்வே சிறுவர் வைத்தியசாலை இருக்கிறது. சற்றுத் தள்ளிக் கனத்தை மயானத்தின் மதில் தெரிகிறது. வீதி விபத்தில் சிக்கிய ஒருவர் செல்லக்கூடிய பாதைகள் எல்லாம் இந்தச் சிறு வட்டாரத்துக்குள் அடங்கிவிடுகின்றன. இவர்களுள் மூன்றாவது கூட்டத்தார் ஒருவர் உண்டு. அவர்கள் மயானத்துக்குப் போகாமல், ஊன்றுகோலுடனோ கட்டுகளுடனோ வீடு திரும்புகிறவர்கள். "இனி நான் வாகனம் ஓட்டலாமா?" என்ற கேள்வி அவர்களோடு வீட்டுக்குள் நுழைகிறது.

பிழைப்புக்காக முச்சக்கரவண்டி ஓட்டுபவருக்கு இந்தக் கேள்வியை அதிக நாள் சுமந்துகொண்டிருக்க வசதியில்லை. வயிறு அவரைத் திரும்பவும் வீதிக்கு இழுத்துவிடும். ஆனால் பழைய விளையாட்டுக் கார் ஒன்றை ஆசையோடு வைத்திருந்து, அதிலேயே பலத்த காயமடைந்தவரை எண்ணிப் பாருங்கள். அவரை எவரும் கட்டாயப்படுத்தவில்லை. அந்தக் கார் இல்லாமலும் அவருடைய வாழ்க்கை நடக்கும். எனவே அவர் திரும்பி வருவதானால், முழுவதும் தம் விருப்பத்தினாலேயே வரவேண்டும். நாம் நேசித்த ஒன்றே நம்மைக் காயப்படுத்திவிட்டால் அதனிடம் மீண்டும் போகலாமா என்ற கேள்வி, இவரிடத்தில் எந்த மறைப்பும் இன்றித் தெளிவாக நிற்கிறது.

பழைய கார்களின் மேல் நம் நாட்டவருக்குள்ள பற்று புதிதன்று. நுவரெலியாவில் மகாகஸ்தோட்டை மலையேற்ற ஓட்டப்போட்டி 1934ஆம் ஆண்டிலேயே தொடங்கியது. எம்.ஜி., ட்ரையம்ப் போன்ற ஆங்கிலேயக் கார்களைத் தந்தையர் தம் பிள்ளைகளுக்கு விட்டுச்சென்ற குடும்பங்களும் உண்டு. ஆயினும் அந்தக் கார்களின் அழகு வேறு, பாதுகாப்பு வேறு. உதாரணமாக, 1945 முதல் 1949 வரை தயாரிக்கப்பட்ட எம்.ஜி. ரீ.சி. வகைக் காரின் உடல், மரச்சட்டத்தின் மேல் தகடு பொருத்திச் செய்யப்பட்டது. அதற்கு ஆசனப்பட்டி கிடையாது. மோதினால் மடிந்து அதிர்ச்சியைத் தாங்கிக்கொள்ளும் முன்பகுதியும் கிடையாது. இன்று நாம் சாதாரணமாக அணியும் மூன்று முனை ஆசனப்பட்டியை வொல்வோ நிறுவனத்தின் பொறியியலாளர் நில்ஸ் போலின் வடிவமைத்து, அது கார்களில் வந்ததே 1959ஆம் ஆண்டில்தான்.

இந்தக் கேள்விக்குத் தம் வாழ்நாளிலேயே மூன்று வேறு விடைகளை அளித்த ஒருவர் உண்டு. அவர் இங்கிலாந்தின் புகழ்பெற்ற கார் ஓட்டவீரர் ஸ்டர்லிங் மொஸ். 1960ஆம் ஆண்டு ஜூன் மாதம் பெல்ஜியத்தின் ஸ்பா ஓடுபாதையில் அவருடைய காரின் சக்கரம் கழன்றது. அவருடைய இரு கால்களும் முறிந்தன. ஏறத்தாழ 7 வாரங்களில் அவர் மீண்டும் போட்டிக்கு வந்து வெற்றியும் பெற்றார். இளமையின் வேகம் அளித்த முதல் விடை அது.

இரண்டாவது விபத்து அப்படி அமையவில்லை. 1962 ஏப்ரல் 23, உயிர்த்த ஞாயிறுக்கு மறுநாளான திங்கட்கிழமை, குட்வூட் ஓடுபாதையில் அவருடைய கார் மண்மேட்டில் மோதி நொறுங்கியது. ஒரு மாத காலம் அவர் நினைவின்றிக் கிடந்தார். உடலின் இடப்பக்கம் ஆறு மாதங்கள் செயலிழந்திருந்தது. மறு ஆண்டு அவர் ஆளில்லாத ஓடுபாதையில் காரை ஓட்டிப் பார்த்தார். நேரம் அவ்வளவு மோசமாக இல்லை. ஆனால், முன்பு எண்ணாமலே கைகள் செய்த காரியங்களை இப்போது ஒவ்வொன்றாக யோசித்துச் செய்யவேண்டியிருப்பதை அவர் உணர்ந்தார். அந்த உண்மையை அவர் தம்மிடமிருந்தே மறைக்கவில்லை. 33 வயதில் உச்சநிலைப் போட்டிகளை விட்டு விலகினார். அம்முடிவை அவசரப்பட்டு எடுத்துவிட்டோமோ என்று பின்னாளில் அவரே எண்ணியதுண்டு. எனினும் அன்றைய தினம் தம்மிடம் இருந்த வெளிச்சத்தின்படி அவர் நடந்தார்.

மூன்றாவது விடைக்குப் பல ஆண்டுகள் சென்றன. முதுமையில் அவர் பழைமையான விளையாட்டுக் கார்களைச் சொந்தமாக வைத்து, அவற்றுக்கென நடக்கும் ஓட்டங்களில் மகிழ்ச்சிக்காகக் கலந்துகொண்டார். 2010இல் தம் வீட்டு மின்தூக்கிக் குழிக்குள் விழுந்து இரு கணுக்கால்களும் முறிந்தபின்னரும் அவர் காரிடம் திரும்பி வந்தார். 2011 ஜூன் மாதம், 81ஆவது வயதில், பிரான்சின் லு மான் ஓடுபாதையில் தமது போர்ஷே ஆர்.எஸ். 61 காரை ஓட்டிக்கொண்டிருந்தபோது தமக்கே அச்சம் உண்டானதை உணர்ந்தார். அன்றே ஓட்டத்திலிருந்து ஓய்வு பெறுவதாக அறிவித்தார். எவரும் அவரைக் கீழே இறக்கவில்லை, அவராகவே இறங்கினார். 2020 ஏப்ரல் 12, உயிர்த்த ஞாயிறு தினத்தில், 90ஆவது வயதில் அமைதியாகக் காலமானார்.

நம் மொழி பேசுவோர் நன்கறிந்த ஓர் உதாரணமும் உண்டு. நடிகர் அஜித்குமார் நீண்ட இடைவெளிக்குப் பின் கார் ஓட்டப்போட்டிக்குத் திரும்பியபோது, 2025 ஜனவரி 7ஆம் திகதி துபாயில் பயிற்சியின்போது அவருடைய கார் தடுப்பில் மோதிச் சிதைந்தது. அவர் காயமின்றித் தப்பினார். சில நாட்களின் பின் நடந்த 24 மணி நேர ஓட்டத்தில், தம் அணியின் பிரதான காரை ஓட்டும் பொறுப்பிலிருந்து அணியின் நலன் கருதி விலகி நின்றார். வேறொரு பிரிவில் மட்டும் ஓட்டினார். அவர் விட்டுக்கொடுத்த அந்தக் கார் தன் பிரிவில் மூன்றாமிடம் பெற்றது. உரிமையாளர் என்பதற்காக எப்போதும் சாரதி ஆசனம் தமக்கே உரியது என்று அவர் எண்ணவில்லை.

வேதாகமத்திலும் இப்படித் திரும்பி வந்த ஒருவர் உண்டு. அப்போஸ்தலர் நடபடிகள் 14ஆம் அதிகாரத்தில், லீஸ்திரா பட்டணத்தில் பவுலைக் கல்லெறிந்து, இறந்துவிட்டார் என எண்ணி ஊருக்கு வெளியே இழுத்துப் போட்டார்கள். அவரோ எழுந்து அதே பட்டணத்துக்குள் போனார். மறுநாள் அங்கிருந்து புறப்பட்டார். பின்னர் மீண்டும் அங்கே வந்தார். அவர் திரும்பியது தம் துணிவைக் காட்டுவதற்காகவா? இல்லை, அங்கிருந்த விசுவாசிகளைத் திடப்படுத்துவதற்காகவே. நாம் எதனிடம் திரும்புகிறோம் என்பதோடு, எதற்காகத் திரும்புகிறோம் என்பதும் நம்மிடம் கேட்கப்படும்.

ஆகையால், வாசகரே, நீங்கள் நேசித்த அந்தக் காரைத் திருத்தி மீண்டும் வீதிக்குக் கொண்டுவர எண்ணினால், கராஜுக்குப் போகுமுன் போகவேண்டிய இடங்கள் சில உள்ளன. உங்கள் விபத்தில் வேறொருவர் காயமடைந்திருந்தால், முதலில் அவருடைய வாசலுக்குப் போங்கள். பலிபீடத்தின் முன் காணிக்கையை வைத்துவிட்டுச் சகோதரனோடு ஒப்புரவாகும்படி ஆண்டவர் மத்தேயு 5ஆம் அதிகாரத்தில் கற்பித்தார். காணிக்கையே காத்திருக்க வேண்டுமானால், கார் காத்திருக்கலாகாதா? அடுத்து, வைத்தியசாலை வாங்கில் இரவெல்லாம் விழித்திருந்த உங்கள் மனைவியிடமோ கணவரிடமோ பேசுங்கள். அந்த இரவு அவர்களுக்கும் ஒரு விபத்துதான். பிறகு வைத்தியரிடம் கேளுங்கள். பிரேக் சத்தம் கேட்டாலே உடல் நடுங்குகிறது, உறக்கத்தில் அந்த மோதல் திரும்பத் திரும்ப வருகிறது என்றால், அதை மறைக்காமல் சொல்லுங்கள். அது விசுவாசக் குறைவு அன்று. சிகிச்சை தேவைப்படும் காயமே அது.

கார் விடயத்திலும் உண்மை வேண்டும். வெளித்தகட்டை நிமிர்த்திப் பூச்சுப் பூசிவிட்டால் பார்ப்பதற்குப் புதிதாகிவிடும். ஆனால் அடிச்சட்டம் வளைந்திருந்தால் அந்தப் பளபளப்பு உங்களையும் பிறரையும் ஏமாற்றும். அடிச்சட்டத்தை அளந்து பார்க்கச் செய்யுங்கள். பிரேக் எண்ணெய் காலப்போக்கில் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும், இறப்பர்க் குழாய்கள் உள்ளுக்குள்ளே நைந்துபோகும். பூக்கள் தேயாதிருந்தாலும் டயர் வயதினால் வெடிக்கும். ஆசனப்பட்டி பொருத்துவதானால், இழுவையைத் தாங்கும் உறுதியான இடத்தில் பொருத்தவேண்டும். பழைமை கெட்டுவிடும் என்று இவற்றைத் தவிர்ப்பவர், காரை நேசிக்கும் அளவுக்கு உயிரை நேசிக்கவில்லை.

உபாகமம் 22ஆம் அதிகாரத்தில் ஒரு சிறு கட்டளை இருக்கிறது. புதுவீடு கட்டுகிறவன், எவரும் விழுந்து இரத்தப்பழி வராதபடி மொட்டைமாடிக்குக் கைப்பிடிச்சுவர் கட்டவேண்டும் என்பது அது. வீடு அவனுடையது, ஆனால் விழுபவன் அயலானாக இருக்கலாம். 2024 ஏப்ரல் 21ஆம் திகதி தியத்தலாவை பொக்ஸ் ஹில் ஓட்டப்போட்டியில் பாதையை விட்டு விலகிய கார் பார்வையாளருக்குள் பாய்ந்து, 8 வயதுச் சிறுமி உட்பட 7 பேரின் உயிரைப் பறித்ததை நாம் மறக்கலாகாது. வேடிக்கை பார்க்க மாத்திரமே வந்தவர்களும் அவர்களுள் இருந்தார்கள். நமது மகிழ்ச்சிக்குக் கைப்பிடிச்சுவர் கட்டும் கடமை நம்முடையதே.

இவ்வளவையும் செய்தபின் ஒருவர் அந்தக் காரை விற்றுவிடலாம், அல்லது மூடிவைத்துப் பேரப்பிள்ளைகளுக்குக் கதை சொல்லலாம். அல்லது ஒரு ஞாயிறு அதிகாலையில், வாகனங்கள் குறைந்த வீதியில், துணைக்கு ஒருவரை அருகே அமர்த்தி மெதுவாக ஓட்டலாம். மூன்றும் கடவுளுக்கு முன் நேர்மையான முடிவுகளாக இருக்கமுடியும். எவரையும் கோழை என்றோ பைத்தியக்காரர் என்றோ நாம் தீர்க்கவேண்டாம்.

உயிர்த்த ஆண்டவர் சீஷர்களுக்குத் தம் கரங்களைக் காட்டியபோது, ஆணிகளின் அடையாளங்கள் அவற்றில் இருந்தன. புதிய வாழ்வு அந்தக் காயங்களை அழித்துவிடவில்லை. உங்கள் நெற்றியில் அல்லது காலில் உள்ள தழும்பும் அப்படியே இருக்கட்டும். திறப்பைக் கையில் எடுக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு கணம் அதைத் தொட்டுப்பார்த்து, உங்களை வீடுவரை கொண்டுவந்து சேர்த்தவருக்கு நன்றி சொல்லுங்கள். அதன்பின் ஆசனப்பட்டியை இறுக்கிக்கொள்ளுங்கள்.