வீட்டுக்கு வரும் பனியன் கட்டு: மிச்சம் யாருக்கு?

2020-இல் கொரோனா வந்த பிறகுதான் ஐ.டி. ஊழியர்களில் பெரும்பாலானோர் வீட்டிலிருந்தே வேலை பார்க்கத் தொடங்கினார்கள். அவிநாசி வட்டாரத்துக்கு அது பழகிய பிழைப்பு. தெக்கலூர்ப் பக்கம் வீட்டை ஒட்டிய கொட்டகையில் கூலித் தறி ஓடும். திருப்பூரைச் சுற்றிய ஊர்களில் பெண்கள் வாசலில் உட்கார்ந்து, கம்பெனியிலிருந்து கட்டுக் கட்டாக வரும் பனியனுக்குப் பிசிறு, அதாவது நீட்டிக்கொண்டிருக்கும் நூல், வெட்டுவார்கள்.

தறிக்காரர்களுக்குச் சங்கம் இருக்கிறது. கூலி உயர்வு கேட்டு 2022-இல் தறிகளை நிறுத்திப் போராடினார்கள். 2023 முதல் விசைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 1,000 யூனிட் மின்சாரம் இலவசம், முன்பு 750. பிசிறு வெட்டும் பெண்களுக்கு இப்படி எதுவும் இல்லை.

இந்த வேலையால் நன்மையே இல்லையா? உண்டு. கைக்குழந்தையையும் படுத்த படுக்கையான மாமியாரையும் விட்டுவிட்டுக் கம்பெனி வேனில் ஏற முடியாதவருக்கு இதுதான் வருமானம். ஒன்றரை ஷிப்ட் நிற்க வேண்டியதில்லை. சமைத்துக்கொண்டே நாலு காசு பார்க்கலாம்.

ஆனால் கம்பெனிக்கு மிச்சமாவதையும் பார்க்க வேண்டும். பதிவேட்டில் பெயருள்ள தொழிலாளிக்கு நிர்வாகம் சம்பளத்தில் 12 சதவீதம் பி.எஃப்., 3.25 சதவீதம் இ.எஸ்.ஐ. கட்ட வேண்டும், தீபாவளி போனஸ் குறைந்தது 8.33 சதவீதம். வேலை வீட்டுக்குப் போனதும் இவை நின்றுவிடுகின்றன. இடம், விளக்கு, மின்விசிறி எல்லாம் அந்தப் பெண்ணின் செலவு. பஞ்சுத் தூசி அடுப்படி வரை வருகிறது. அவசர ஆர்டர் என்றால் பள்ளி விட்டு வந்த பிள்ளையும் கத்தரி எடுக்கிறது. அதன் உழைப்பும் அதே பீஸ் கூலிக்குள் அடக்கம். ஆர்டர் இல்லாத மாதம் கட்டே வராது.

சட்டம் இவர்களை அறியாததல்ல. பொருளை வீட்டுக்குக் கொண்டுபோய் வேலை முடித்துத் தருபவரையும் 1948-ஆம் ஆண்டுக் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் தொழிலாளியாகவே கருதியது. 2020-ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் வீட்டிலிருந்து வேலை செய்பவர் இடம்பெறுகிறார். இலா பட் தொடங்கிய பெண் தொழிலாளர் சங்கமான சேவா உள்ளிட்டோர் போராடிப் பெற்ற, வீட்டிலிருந்து வேலை செய்பவர்களுக்கான பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 177-ஆவது உடன்படிக்கை 1996-இல் நிறைவேறியது. அதை இந்தியா இதுவரை ஏற்கவில்லை.

பிசிறு வெட்டும் சகோதரிகளுக்கு ஒரு வேண்டுகோள். எத்தனை பீஸ், எத்தனை மணி நேரம், எவ்வளவு கூலி என்று தினமும் நோட்டில் எழுதுங்கள். ஒரு மணி நேரத்துக்கு என்ன கிடைக்கிறது என்று வகுத்துப் பாருங்கள். மத்திய அரசின் இ-ஷ்ரம் தளத்திலும் தமிழ்நாடு அமைப்புசாராத் தொழிலாளர் நல வாரியத்திலும் பதிவு செய்யுங்கள். கூலி பேசப் போகும்போது பக்கத்து வீட்டுப் பெண்களையும் அழைத்துக்கொண்டு போங்கள்.