அம்மாவின் கட்டம் போட்ட நோட்டு

சகோதரிகளே, உங்கள் வீட்டுப் பரணில் அம்மாவுடையதோ பாட்டியுடையதோ பழைய டிசைன் நோட்டு ஏதாவது கிடக்கிறதா? இதைப் படித்து முடித்ததும் முதல் வேலையாக அதை எடுத்துத் தூசி தட்டுங்கள்.

திருவையாற்றுப் பக்கம் எங்கள் கிராமத்தில் நடவு முடிந்து ஓய்ந்த நாட்களில், மத்தியானச் சாப்பாடு ஆனதும் பெண்கள் எங்கள் வீட்டு ரேழியில் கூடிவிடுவார்கள். நடுவில் அம்மாவின் கட்டம் போட்ட கணக்கு நோட்டு இருக்கும். ஒரு பக்கம் புள்ளிக் கோலம், மறு பக்கம் கிராஸ் ஸ்டிச் கிளியும் அன்னமும். "மாமி, அந்தக் கிளியைக் கொஞ்சம் தாங்களேன்" என்று வாங்கிப் போவார்கள். பட்டர் பேப்பரில் படத்தை எடுத்து, கோடு நெடுக ஊசியால் குத்தி, துணி மேல் வைத்து, மண்ணெண்ணெயில் குழைத்த நீலத்தைப் பஞ்சால் தேய்த்தால் போதும். கிளி துணியில் இறங்கிவிடும்!

ஐரோப்பாவில் நானூறு, ஐந்நூறு வருஷத்துக்கு முன்பே இந்த வித்தை இருந்திருக்கிறது. அங்கே நீலத்துக்குப் பதில் கரித்தூள். 1520களில் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் தையல் டிசைன்களைப் புத்தகமாக அச்சிட்டார்கள். பிறகு வெனிஸ் நகரில் ஏராளமாக வந்தன. பணக்காரர் வீட்டு டிசைன்கள் சாதாரணக் குடும்பத்துப் பெண்களின் மடிக்கும் வந்தன. வெனிஸ்காரரான வின்சியோலோ 1587-ல் பாரிஸில் போட்ட புத்தகம் பல பதிப்புகள் கண்டது.

'நற்குணப் பெண்மணிகளுக்கு' என்றுதான் அவற்றில் எழுதியிருக்கும். பெண்ணின் கை சும்மா இருக்கக் கூடாது என்பது அங்கேயும் பேச்சு! ஆனால் புத்தகம் போட்டவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். ரோமில் இஸபெல்லா பரஸோலே என்ற பெண்மணி 1590களில் தன் பெயரிலேயே வெளியிட்டது அபூர்வம். 1561 வாக்கில் ஜூரிக்கில் லேஸ் பின்னலுக்குப் புத்தகம் எழுதிய ஆசிரியை 'ஆர். எம்.' என்று மட்டுமே போட்டுக்கொண்டார். அவர் முழுப் பெயர் இன்றுவரை யாருக்கும் தெரியாது.

தலையணையில் குண்டூசி குத்திப் பின்னும் அந்த லேஸ் நம் பக்கமும் வந்தது. 1820களில் நாகர்கோவிலில் லண்டன் மிஷனைச் சேர்ந்த மார்த்தா மால்ட் அம்மையார் பெண்களுக்கு அதைக் கற்றுக் கொடுத்தார். அடிமைகளாயிருந்த பெண்கள் சிலர் லேஸ் பின்னிச் சம்பாதித்த காசிலேயே தங்களை மீட்டுக்கொண்டார்களாம். ஊசியும் நூலும் பொழுதுபோக்கு மட்டும்தானா, சொல்லுங்கள்?

அந்த நாளைய புத்தகங்களில் கொஞ்சம்தான் இன்று மிஞ்சியிருக்கின்றன. பக்கத்தைக் கிழித்து, ஊசியால் குத்திக் குத்தி, உபயோகித்தே தீர்த்துவிட்டார்கள். அப்படித் தீர்ந்தால் கௌரவம்தான். அம்மாவின் நோட்டுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அம்மா போன வருஷம், வீட்டை ஒழித்த அவசரத்தில் நானே அதைப் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போட்டுவிட்டேன். அட்டையில் பெயர் இல்லை. பழைய கணக்கு நோட்டு என்று நினைத்தேன். அன்று சாயந்திரமே ஞாபகம் வந்து ஓடினேன். மூட்டை லாரி ஏறியிருந்தது. இப்போது என்னிடம் மிச்சம் இருப்பது அந்தக் கிளி போட்ட தலையணை உறை ஒன்றுதான். அதை வைத்துக் கட்டம் எண்ணி, புது நோட்டில் வரைந்து வருகிறேன்.

ஆகவே, நோட்டு இருந்தால் முதல் பக்கத்தில் அம்மாவின் பெயர், ஊர், வருஷம் எழுதுங்கள். எந்த டிசைனை யாரிடம் கற்றார் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுத்து அக்கா தங்கைகளுக்கும் அனுப்புங்கள். கேட்க அம்மா இருக்கும்போதே செய்துவிடுங்கள்.