விமர்சனமும் தீர்ப்பும்: நியூயோர்க் போட்டோ லீக்கின் அனுபவம்

ஆக்கமொன்றைப் பலர் கூடியிருந்து விமர்சிக்கும் வழக்கம் இலக்கியத்துக்கு மட்டும் உரியதன்று. புகைப்படத் துறையில் அவ்வழக்கம் தந்த பயனையும் அது இடறிய இடத்தையும் அறிவதற்கு, 1936 முதல் 1951 வரை நியூயோர்க்கில் இயங்கிய போட்டோ லீக்கின் வரலாறு பெரிதும் துணைசெய்கின்றது.

தொழிலாளர் இயக்கச் சார்புடன் 1930 இல் தோன்றிய திரைப்பட, புகைப்பட லீக்கிலிருந்து பிரிந்து, சிட் குரொஸ்மன், சொல் லிப்சோன் ஆகியோரின் முயற்சியால் இவ்வமைப்பு உருப்பெற்றது. பொருளாதார மந்தம் நிலவிய காலம் அது. உறுப்பினருட் பலர் குடியேறிய யூதத் தொழிலாளர் குடும்பங்களின் பிள்ளைகள். சொந்தமாக இருட்டறை வைத்திருக்க வசதியற்ற அவர்கள், பொது இருட்டறையையும் குறைந்த கட்டணப் பாடசாலையையும் பகிர்ந்துகொண்டனர். விமர்சனம் அங்கு கூட்டுச் செயலாக அமைந்தமைக்கு இப்பொருளியல் அடிப்படையே முதற் காரணம் எனக் கருதுகின்றோம். போட்டிக்குப் படம் அனுப்பி நடுவரின் புள்ளிக்காகக் காத்திருக்கும் கழகக் கலைஞனுக்குக் கிடைப்பது விலைமதிப்பேயன்றி விமர்சனமன்று.

பாடசாலை ஆசிரியராயிருந்த ஆரன் சிஸ்கைன்டின் தலைமையில் இயங்கிய குழு 'ஹார்லம் ஆவணம்' என்னும் தொடரை உருவாக்கியது. குழுவின் செயல்முறையை அவர் 1940 இல் லீக்கின் 'போட்டோ நோட்ஸ்' ஏட்டில் விளக்கினார். இத்தகைய கூட்டுமுயற்சியில் ஒரு படம் தனித்து மதிப்பிடப்படுவதில்லை. தொடரில் அது ஆற்றும் பணியே வினாவாகின்றது. உதாரணமாக, வேலையின்மை பற்றிய தொடரில் வாசலில் நிற்கும் ஒருவரின் படம் இருப்பதாகக் கொள்வோம். "படம் சரியில்லை" என்பவர் எதனையும் கூறவில்லை. "பின்சுவரின் விளம்பரம் முகத்தைக் காட்டிலும் கண்ணை இழுக்கின்றது; அது நீர் வேண்டுமென்றே செய்ததா?" என்று கேட்பவர், படத்தை மீண்டும் பார்த்துச் சரிபிழை காணக்கூடிய ஒன்றைக் கூறுகின்றார். கேட்டிருப்பவரும் தாம் மழையில் நின்று எடுத்த சிரமத்தை எடுத்துரைப்பதிற் பயனில்லை. சிரமம் படத்திற் பதிவதில்லை. (நமது நூல் வெளியீட்டு மேடைகளில் நூலாசிரியரின் சிரமமே பெரும்பாலும் விமர்சிக்கப்படுகின்றது என்பது வேறு கதை.)

ஆயினும் அந்த மேசையைச் சுற்றி இருந்தோர் யார் என்ற வினா எழாதிருக்க முடியாது. கறுப்பின எழுத்தாளரான மைக்கல் கார்ட்டர் எழுத்துப் பணியில் இணைந்திருந்தபோதிலும், படமெடுத்தோர் பெரும்பாலும் ஹார்லத்துக்கு வெளியிலிருந்து வந்த வெள்ளையர். அங்கு வாழ்ந்தோரின் மகிழ்ச்சியையும் சாதனையையும் தாம் காட்டத் தவறியதால் தமது ஆய்வு திரிபடைந்தது எனப் பிற்காலத்திற் சிஸ்கைன்டே ஒப்புக்கொண்டார். குழுவின் விமர்சனம் நேர்மையற்றதாயிருக்கவில்லை; விமர்சிப்போர் யாவரும் ஒரே பக்கத்தில் நின்றமையால் மறுபக்கம் எவர் கண்ணிலும் படவில்லை. படத்திலுள்ளவன் பேசாத விமர்சனம் எவ்வளவு முற்போக்கானதாயினும் அரைகுறையானதே.

இரண்டாவது இடறல் சிஸ்கைன்டையே தாக்கியது. மாத்தாஸ் வின்யார்ட் தீவின் பழைய மரவீடுகளை அவர் 'டபர்னக்கிள் சிற்றி' என்னும் தொடராக எடுத்திருந்தார். லீக்கில் அது காட்சிக்கு வைக்கப்பட்டபோது, சமூக ஆவணப் பணியைக் கைவிட்டார் என்ற குற்றச்சாட்டு உறுப்பினரிடையே எழுந்தது. ஹார்லம் தொடரும் இதுவும் ஒரே ஆண்டுகளில் உருவானவை என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. படம் தன் பணியை எவ்வாறு ஆற்றுகின்றது என்ற வினாவின் இடத்தில், இதனை ஏன் எடுத்தாய் என்ற வினா அமர்ந்துகொண்டது. உள்ளடக்கத்தின் பெயரால் உருவத்தைச் சந்தேகிக்கும் இப்போக்கு மார்க்சியத்துக்கு உரியதன்று; எனினும் மார்க்சியர் பலரிடம் காணப்பட்டதே. 1941 இல் அவர் விலகினார். லீக் தனது மிகச் சிறந்த விமர்சகரை இழந்தது.

குரொஸ்மனின் வகுப்புகளும் கடுமைக்குப் பெயர்பெற்றவை. எனினும் அக்கடுமையை மாணவர் பலர் விரும்பி ஏற்றனர். ஏனெனில் அது அறைக்குள் நிகழ்ந்தது, மறுமொழி கூறவும் இடமிருந்தது. 1947 டிசம்பரில் அமெரிக்கச் சட்டமா அதிபர் டொம் கிளார்க் வெளியிட்ட, நாட்டுக்கு விசுவாசமற்ற அமைப்புகளின் பட்டியலில் லீக்கின் பெயரும் இருந்தது. விசாரணையுமில்லை, காரணமும் கூறப்படவில்லை. 1948 இன் இறுதியில் 'இதுவே போட்டோ லீக்' என்ற கண்காட்சியின் மூலம் உறுப்பினர் தம் படங்களைக் கொண்டே பதிலளித்தனர். 1949 இல், கம்யூனிஸ்ட் தலைவர்களுக்கு எதிரான வழக்கில் அஞ்செலா கலோமிரிஸ் அரசதரப்புச் சாட்சியாகத் தோன்றிக் குரொஸ்மனின் பெயரைக் கூறினார். லீக்கின் உறுப்பினராயிருந்த அவர் அதுவரை எஃப்.பி.ஐ. யின் ஒற்றராகவும் இருந்துள்ளார். அதன் பின்னர் உறுப்பினர் ஒருவர்பின் ஒருவராக விலக, 1951 இல் லீக் கலைக்கப்பட்டது. குரொஸ்மன் தனிப்பட்ட வகுப்புகளை நடத்திக்கொண்டிருந்து, 1955 இல் தமது 42 ஆவது வயதிற் காலமானார்.