ட்ரெயினுக்கு இன்னும் 6 மணி நேரம் இருக்கா? தனுஷ்கோடியை அவசரமில்லாம பார்த்துட்டு வர ஒரு கைடு!

காலையில் ராமேஸ்வரத்தில் இறங்கியாச்சு. அக்னி தீர்த்தத்தில் முங்கி, கோயிலுக்குள் 22 தீர்த்தத்திலும் தலையை நனைத்து, சாமியையும் கும்பிட்டாச்சு. அம்மாவும் பாட்டியும் 'கொஞ்சம் கால் நீட்டுறோம்' என்று லாட்ஜில் படுத்துவிட்டார்கள். திரும்பிப் போகிற ட்ரெயினுக்கு இன்னும் 6 மணி நேரம் இருக்கிறது. நீங்கள் என்ன செய்வீர்கள்? வாசலில் நிற்கும் ஆட்டோ அண்ணனே பதிலைச் சொல்லிவிடுவார்: "தனுஷ்கோடி போலாமா தம்பி?"

கண்டிப்பா போகலாம். ஆனா எப்படிப் போறோம், அங்கே போய் என்ன பார்க்கிறோம் என்பதில்தான் விஷயமே இருக்கு.

முதல் முறை நண்பர்களோடு போனபோது நான் செய்தது இதுதான். நேரே அரிச்சல்முனை, நாலு செல்ஃபி, ஒரு ரீல், திரும்பும் வழியில் இடிந்த சர்ச் முன்னால் ஜம்ப் பண்ணி ஒரு போட்டோ. அவ்வளவுதான், ஊர் பார்த்தாச்சு. கடைசியில் வண்டி நெரிசலில் மாட்டி, ஸ்டேஷனில் ஓட்டமாக ஓடி ட்ரெயின் பிடித்தோம். அடுத்த முறை தனியாகப் போனேன். சங்கு விற்கும் ஒரு பாட்டியோடு பேசிக்கொண்டிருந்ததில், நாங்கள் குதித்து விளையாடிய இடம் அவர் சின்ன வயதில் பூசைக்குப் போன கோயில் என்று தெரிந்தது. அவர் கோபப்படவே இல்லை. அதுதான் எனக்கு இன்னும் சங்கடமாகப் போய்விட்டது.

அந்தச் சங்கடம் உங்களுக்கு வர வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

பெருவைவிட நமக்கு அதிர்ஷ்டம்

தென் அமெரிக்காவைச் சுற்றிவரும் சொகுசுக் கப்பல்கள் பெரு நாட்டின் தலைநகர் லிமாவுக்குப் பக்கத்துத் துறைமுகத்தில் நிற்கும். கப்பலில் வருகிறவர்களுக்கு இன்கா மக்கள் 15-ம் நூற்றாண்டில் மலைமேல் கட்டிய மச்சு பிச்சுவைப் பார்க்க ஆசை. ஆனால் அது கிட்டத்தட்ட 2,430 மீட்டர் உயரத்தில், கடற்கரையில் இருந்து வெகுதூரத்தில் இருக்கிறது. விமானத்தில் குஸ்கோ போய், அங்கிருந்து ரயில், பிறகு பஸ். குறிப்பிட்ட நேரத்துக்கான நுழைவுச் சீட்டை முன்கூட்டியே வாங்கியிருக்க வேண்டும். கப்பல் நிற்கிற ஒரு பகலுக்குள் இதெல்லாம் முடிகிற காரியம் இல்லை.

நமக்கு அந்தச் சிக்கல் இல்லை. ராமேஸ்வரத்தில் இருந்து தனுஷ்கோடி சுமார் 18 கிலோமீட்டர்தான். அங்கிருந்து 5 கிலோமீட்டர் போனால் அரிச்சல்முனை, நிலம் முடிந்துவிடும். முன்பெல்லாம் முகுந்தராயர் சத்திரத்தோடு ரோடு நின்றுவிடும். அதற்கு மேல் ஜீப்பிலும் வேனிலும் மணலிலும் தண்ணீரிலும் குலுங்கிக்கொண்டு போக வேண்டும். 2017 ஜூலையில் அரிச்சல்முனை வரை சுமார் 9.5 கிலோமீட்டர் சாலை திறக்கப்பட்டது. இப்போது அரசுப் பஸ்ஸே போகிறது.

சுலபமாகப் போய்விட முடிகிறது என்பதுதான் இதில் ஒரே ஆபத்து. சுலபமாக வருகிற இடத்தை நாம் சுலபமாகவே பார்த்துவிட்டுப் போய்விடுகிறோம்.

இது பழங்கால ஊர் இல்லை, பாஸ்!

இடிந்த சுவரைப் பார்த்ததும் ஏதோ ராஜா காலத்துச் சமாச்சாரம் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். இல்லை. இந்த ஊர் அழிந்தது 1964 டிசம்பரில். உங்கள் தாத்தா, பாட்டிக்கு நினைவிருக்கும் காலம்.

தனுஷ்கோடி ஒரு காலத்தில் இன்டர்நேஷனல் ஸ்டாப்பிங். 1914-ல் பாம்பன் ரயில் பாலம் திறந்ததும், சென்னை எழும்பூரில் இருந்து கிளம்பும் ட்ரெயின் கடலைத் தாண்டி இந்தத் தீவுக்குள் வந்தது. தனுஷ்கோடி துறையில் இறங்கினால் பக்கத்திலேயே நீராவிக் கப்பல் நிற்கும். அதில் ஏறி மறுகரையில் தலைமன்னாரில் இறங்கி, அங்கே காத்திருக்கும் ரயிலில் கொழும்பு. எழும்பூரில் ஒரே டிக்கெட் எடுத்துவிட்டு கொழும்பு வரை போகலாம். ரயிலும் கப்பலும் சேர்ந்த இந்தப் பயணத்துக்குத்தான் 'போட் மெயில்' என்று பெயர் வந்தது.

இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கு வேலைக்குப் போனவர்கள், கொழும்பில் கடை வைத்தவர்கள், தீபாவளிக்கு ஊர் திரும்பியவர்கள் என்று எல்லோருடைய காலும் இந்த மணலில் பட்டிருக்கிறது. ரயில் நிலையம், சுங்க அலுவலகம், தபால் அலுவலகம், பள்ளிக்கூடம், கோயில், சர்ச், பயணிகள் தங்கும் விடுதிகள் என்று கலகலப்பாக இருந்த ஊர்.

அந்த ஒரு ராத்திரி

1964 டிசம்பர் 17-ம் தேதி வாக்கில் தெற்கு அந்தமான் கடலில் உருவான காற்றழுத்தத் தாழ்வு, பெரும் புயலாக மாறி இலங்கையின் வடபகுதியைக் கடந்து, 22-ம் தேதி நள்ளிரவில் இங்கே வந்தது.

புயலில் காற்றைவிட மோசமானது கடல் பொங்கி உள்ளே வருவதுதான். பாக் நீரிணை ஆழம் குறைந்த கடல். ஆழமான கடலில் காற்று தண்ணீரைத் தள்ளினால், அந்தத் தண்ணீர் அடிப்பக்கமாகத் திரும்பி ஓடிவிட வழி இருக்கும். ஆழமில்லாத கடலில் அப்படித் திரும்ப இடமில்லை. தள்ளப்பட்ட தண்ணீர் கரையில் ஏறித்தான் ஆக வேண்டும். தனுஷ்கோடியோ இரண்டு பக்கமும் கடல் உள்ள ஒல்லியான மணல் திட்டு. மேடான இடம் என்று ஓடி ஏறி நிற்க ஒன்றுமே கிடையாது. சுமார் 20 அடிக்கு மேல் அலை எழுந்ததாகப் பதிவுகள் சொல்கின்றன.

அதே நேரத்தில் பாம்பனில் இருந்து கிளம்பிய பாசஞ்சர் ரயில் ஒன்று தனுஷ்கோடியை நெருங்கிக்கொண்டிருந்தது. ஸ்டேஷனைத் தொடும் முன்பே அலை அதை அடித்துக்கொண்டு போனது. நூற்றுக்கும் மேற்பட்ட பயணிகளும் ரயில்வே ஊழியர்களும் அதில் இருந்தார்கள். ஒருவரும் பிழைக்கவில்லை. அந்தப் புயலில் மொத்தம் சுமார் 1,800 பேர் இறந்ததாகக் கணக்கு.

பாம்பன் பாலத்தின் பெரும்பாலான கர்டர்களும் கடலுக்குள் போயின. பொறியாளர் ஈ.ஸ்ரீதரன் தலைமையில் 46 நாளில் பாலத்தைச் சரிசெய்துவிட்டார்கள். ஆனால் ரயில் ராமேஸ்வரத்தோடு நின்றுவிட்டது. தனுஷ்கோடி மனிதர்கள் வாழத் தகுதியில்லாத ஊர் என்று அரசு அறிவித்தது. கப்பல் ராமேஸ்வரத்தில் இருந்து தலைமன்னாருக்குக் கொஞ்ச காலம் ஓடி, இலங்கையில் போர் மூண்ட 1980-களில் அதுவும் நின்றது.

ஆறு மணி நேரத்தை எப்படிப் பிரிப்பது?

கிளம்பும் முன்: ஆட்டோவோ வேனோ, 'போக, வர, வெயிட்டிங் எல்லாம் சேர்த்து எவ்வளவு, எங்கெங்கே நிறுத்துவீங்க' என்று முதலிலேயே பேசிவிடுங்கள். 'சர்ச், ஸ்டேஷன் ரெண்டு இடத்துலயும் நிறுத்தணும்ணா' என்று அழுத்திச் சொல்லுங்கள். தண்ணீர் பாட்டில், தொப்பி அவசியம். வழியில் மர நிழல் என்பதே அபூர்வம். மாலையானதும் சோதனைச் சாவடியில் வண்டிகளை உள்ளே விடமாட்டார்கள். அதனால் காலையிலோ மதியத்துக்குள்ளோ போவது நல்லது. அமாவாசை, தொடர் விடுமுறை நாள்கள் என்றால் திரும்பி வர ஒரு மணி நேரம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஊர் (ஒன்றரை மணி நேரம்): எல்லோரும் நேரே முனைக்கு ஓடுகிறார்கள். திரும்பும்போது களைப்பில் ஊரை வண்டிக்குள் இருந்தே பார்த்துவிட்டுப் போகிறார்கள். நீங்கள் மாற்றிச் செய்யுங்கள். சர்ச், ரயில் நிலையம், தண்ணீர்த் தொட்டி, தபால் அலுவலகம் எல்லாம் நடந்து பார்க்கிற தூரத்தில்தான் இருக்கின்றன.

சர்ச் சுவரைப் பக்கத்தில் போய்ப் பாருங்கள். செங்கல் மாதிரி இருக்காது. பூப்போல, தேன்கூடு போல வடிவங்கள் தெரியும். அது பவளப்பாறைக் கல். மணல் தீவில் கருங்கல்லுக்கு எங்கே போவது? கடல் கொடுத்ததை வைத்துக் கட்டினார்கள். இன்கா மக்கள் சுண்ணாம்பே இல்லாமல் கருங்கல்லைச் செதுக்கிக் கோத்த சுவர்கள் பூகம்பத்தையும் தாங்கி 500 வருடமாக நிற்கின்றன. இந்தப் பவளக் கல் அப்படி இல்லை. உப்புக்காற்றில் உதிர்ந்துகொண்டே இருக்கிறது. அதனால்தான் மேலே ஏறாதீர்கள், சாயாதீர்கள், பேர் கிறுக்காதீர்கள் என்கிறோம். சுவருக்கும் நல்லதில்லை, உங்கள் மண்டைக்கும் நல்லதில்லை.

அடுத்து அரிச்சல்முனை (ஒரு மணி நேரம்): அசோகச் சின்னத் தூண் இருக்கும் இடத்தோடு ரோடு முடிகிறது. ஒரு பக்கம் அமைதியான கடல், மறுபக்கம் ஆர்ப்பரிக்கும் கடல். இவர்கள் பாஷையில் பெண் கடல், ஆண் கடல். வாடைக்காற்று வீசும் மழைக்காலத்தில் இந்தக் கதை மாறும். சாதுவாக இருந்த பக்கம் சீற ஆரம்பிக்கும். இரண்டு கடலும் உரசும் இடம் என்பதால் நீரோட்டம் அடியில் இழுக்கும். மேலே பார்த்தால் தெரியாது. முட்டிவரைதானே என்று இறங்கியவர்களைக் கடல் இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. இங்கே காலை நனைப்பதோடு சரி, குளியல் வேண்டவே வேண்டாம். இன்னொன்று, இலங்கை பக்கம் என்பதால் சிலருக்கு போனில் அந்த ஊர் சிக்னல் கிடைக்கும். இன்டர்நேஷனல் ரோமிங்கை ஆஃப் பண்ணிவிடுங்கள்.

கடைசியாக கோதண்டராமர் கோயில் (முக்கால் மணி நேரம்): திரும்பும் வழியில் கடலுக்கு நடுவே போகிற ஒரு சின்னக் கிளைச் சாலை. 1964 புயலில் தப்பித்து நின்ற கோயில் இது. டிசம்பர் முதல் மார்ச் வரை போனால் சுற்றியுள்ள நீரில் பூநாரைகளைப் பார்க்கும் யோகம் இருக்கலாம். 2025 ஜூனில் தமிழக அரசு தனுஷ்கோடியில் பூநாரைகளுக்காகவே சரணாலயம் அறிவித்திருக்கிறது. ட்ரோன் விடுவது, பறக்க வைத்து வீடியோ எடுப்பதற்காகக் கல் எறிவது எல்லாம் வேண்டாம். வெகுதூரம் பறந்து வந்த பறவைகள், சாப்பிட்டு ரெஸ்ட் எடுக்கட்டும்.

போக, வர, நடுவில் ஒரு மீன் வறுவல் எல்லாம் சேர்த்தாலும் ஐந்து மணி நேரத்துக்குள் ராமேஸ்வரம் திரும்பிவிடலாம். மிச்ச ஒரு மணி நேரம் ஸ்டேஷனுக்கு.

அங்கே ஆட்கள் வாழ்கிறார்கள்

'பேய் நகரம்' என்று யூடியூபில் தலைப்பு வைக்கிறார்கள். ஆனால் பேய் எதுவும் இல்லை. மீனவக் குடும்பங்கள் இருக்கின்றன. வாழத் தகுதியில்லை என்று சொன்ன இடத்துக்கே திரும்பி வந்து ஓலைக்குடிசை போட்டு, கரைவலை இழுத்துப் பிழைக்கிறார்கள்.

அவர்களுடைய குடிநீர் எங்கே இருந்து வருகிறது தெரியுமா? மணலுக்குள் இருந்துதான். மழைநீர் மணலில் இறங்கி, கனமான உப்புத்தண்ணீருக்கு மேலே ஒரு மெல்லிய அடுக்காகத் தங்குகிறது. சில அடி தோண்டினால் நல்ல தண்ணீர் ஊறும். ஆழமாகத் தோண்டினால் உப்பு ஏறிவிடும். அதனால் ஊறுகிற வேகத்துக்குக் காத்திருந்து கொஞ்சம் கொஞ்சமாக அகப்பையில் மொண்டு குடத்தை நிரப்புகிறார்கள். நீங்கள் தூக்கிப் போடும் பிளாஸ்டிக்கும் ஒதுங்குகிற இடமும் அவர்கள் குடிக்கிற அந்த ஊற்றுக்குப் பக்கத்தில் இருக்கலாம். இதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் போதும், எங்கே எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

சாப்பிடுவதோ வாங்குவதோ அந்தச் சின்னக் கடைகளிலேயே இருக்கட்டும். பவளத் துண்டு மட்டும் கரையில் கிடந்தாலும் எடுக்காதீர்கள், யார் விற்றாலும் வாங்காதீர்கள். வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் பவளமும் வருகிறது, மாட்டினால் வழக்கு. போட்டோவா? தாராளமாக எடுங்கள். மனிதர்களை எடுப்பதற்கு முன் ஒரு வார்த்தை கேளுங்கள். பேச நேரம் இருந்தால் இன்னும் நல்லது. அந்த ராத்திரியைப் பார்த்தவர்கள் இப்போது 60 வயதைத் தாண்டியவர்கள். அவர்கள் சொல்லிக் கேட்கிற வாய்ப்பு ரொம்ப நாள் இருக்காது.

சாயங்காலம் ட்ரெயின் ஏறியதும் ஜன்னல் சீட்டைப் பிடித்துவிடுங்கள். 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாம்பன் பாலத்தில் வண்டி மெதுவாகப் போகும்போது, பக்கத்தில் பழைய பாலம் தெரிகிறதா பாருங்கள். சென்னைக்கு நீங்கள் ஏறியிருக்கும் ராத்திரி வண்டியை இன்றைக்கும் 'போட் மெயில்' என்றுதான் கூப்பிடுகிறார்கள். அதில் ஏன் போட் இருக்கிறது என்று பக்கத்து சீட்டில் யாராவது கேட்டால், இப்போது உங்களுக்குச் சொல்லத் தெரியும்.