கோடியக்கரையில் ஐப்பசி: காலில் வளையம் ஏறும் பறவைகள்

சம்பா நடவு முடிந்து வடகிழக்குப் பருவமழையை எதிர்பார்த்திருக்கும் நாட்களில், நாகப்பட்டினம் மாவட்டம் கோடியக்கரையில் வேறொரு பணி சூடுபிடிக்கிறது. வடக்கே குளிர் தொடங்கியதும் கிளம்பும் பறவைகள் வந்து இறங்கும் கடைக்கோடி நிலம் இது. இதற்கு அப்பால் பாக் நீரிணை. அதைத் தாண்டினால் இலங்கை. 1967ல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2002ல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. இங்கே மும்பை இயற்கை வரலாற்றுக் கழகம் பல ஆண்டுகளாகப் பறவைகளின் காலில் வளையம் மாட்டி ஆய்வு செய்து வருகிறது.

இந்தப் பணி நம் நாட்டில் பெரிய அளவில் தொடங்க ஒரு காய்ச்சலும் காரணம். 1957ல் கர்நாடகத்தின் கியாசனூர் காட்டுப் பகுதியில் உண்ணி மூலம் ஒரு நோய் பரவியது. வலசைப் பறவைகள் அதைக் கொண்டுவந்தனவா என்ற ஐயம் எழுந்தது. 1959ல் உலக சுகாதார நிறுவனத்தின் உதவியோடு டாக்டர் சாலிம் அலி வளையமிடும் திட்டத்தைத் தொடங்கினார். ஐயம் நிரூபணமாகவில்லை, பணி மட்டும் தொடர்ந்தது.

இரவில் சதுப்பு, விடியலில் காடு

ஆய்வாளர்களோடு மாணவர்களும் தன்னார்வலர்களும் வந்து தங்கி உதவுகிறார்கள். நாள் இவர்களுக்குப் பொழுது சாயும்போதே தொடங்கிவிடும். கண்ணுக்குத் தெரியாத மெல்லிய வலையைக் கழிகளில் கட்டி, சேற்றில் வரிசையாக நிறுத்துகிறார்கள். நிலா வெளிச்சத்தில் வலை பறவையின் கண்ணில் பட்டுவிடும் என்பதால் இருட்டு நாட்களே ஏற்றவை. நெற்றியில் கட்டிய டார்ச்சோடு அடிக்கடி வலையைச் சுற்றிப் பார்க்க வேண்டும். தாமதித்தால் பறவை நூலில் சிக்கிக் களைத்துவிடும். மழை வந்தால் வலையைச் சுருட்டிவிட வேண்டும்; நனைந்த பறவை குளிரில் விறைத்துவிடும்.

பிடித்த பறவையைத் துணிப்பையில் போட்டு எடை பார்க்கிறார்கள். இறக்கை, அலகு நீளங்களை அளக்கிறார்கள். மார்பின் இறகை ஊதி விலக்கினால், தொண்டைக்குழியில் மஞ்சளாகக் கொழுப்பு தெரியும். அதுதான் பயணத்துக்கான எரிபொருள். நீண்ட பயணத்துக்கு முன் சில உள்ளான்கள் தம் எடையில் பாதி அளவுக்குக்கூட கொழுப்பைச் சேர்த்துக்கொள்கின்றன. எண் பொறித்த வளையத்தைக் காலில் மாட்டிப் பதிவேட்டில் எழுதியதும், பறவை விடுவிக்கப்படுகிறது. ஆர்க்டிக் கரையில் குஞ்சு பொரித்துவிட்டு வரும் கொசு உள்ளான் 25 கிராம் அளவில்தான் இருக்கும்.

விடியலில் வலை காட்டுக்கு மாறும். வடக்கிலிருந்து வரும் ஆறுமணிக்குருவி போன்ற காட்டுப் பறவைகள் அங்கே கிடைக்கும். வெயில் ஏறியதும் வலையைப் பிரித்து, கிழிசலைத் தைத்து, கணக்கைச் சரிபார்த்துவிட்டுத்தான் தூக்கம்.

உழவர் கையில் இருக்கும் பாதி வேலை

வளையம் மாட்டுவது பாதி வேலை. அந்த எண்ணை இன்னொருவர் பார்த்துச் சொன்னால்தான் மீதி முடியும். வளையமிட்ட பறவைகளில் மிகச் சிலவே மீண்டும் கண்ணில் படுகின்றன. வயலில் செத்துக் கிடக்கும் பறவையை வரப்போரம் வீசிவிட்டால், ஒரு பயணத்தின் கணக்கு அங்கேயே முடிந்துவிடும்.

1980களில் இருந்த அளவுக்குச் சிறு உள்ளான்கள் இப்போது இங்கே வருவதில்லை. சதுப்புக்கு வரும் நல்ல தண்ணீர் குறைந்து உப்பு கூடினால், அவை தின்னும் புழு பூச்சிகளும் குறைந்துபோகின்றன. எங்கே, எவ்வளவு குறைகிறது என்று சொல்ல இந்தப் பதிவேடுதான் சான்று.

விவசாயக் குடும்பங்கள் செய்யக்கூடியவை:

• உயிருள்ள பறவையின் காலில் வளையம் இருந்தால் கழற்றக் கூடாது. எண்ணையும் எழுத்தையும் குறித்துக்கொண்டு பறவையை விட்டுவிட வேண்டும்.

• இறந்த பறவையானால் வெறுங்கையால் தொடாமல், வளையத்தைப் படம் எடுத்து, இடம், தேதியுடன் வனத்துறை அலுவலகத்துக்கோ மும்பை இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கோ தெரிவிக்கலாம்.

• களைத்துப்போன ஆறுமணிக்குருவி கொல்லையில் கிடந்தால், காற்றுத் துளையிட்ட அட்டைப்பெட்டியில் வைத்து இருட்டில் விடவும். வாயில் எதையும் ஊட்ட வேண்டாம். தெளிந்ததும், பொழுது சாயும் நேரத்தில் புதரோரம் விட்டால் பறந்துவிடும்.

• குருணை மருந்தை வரப்பில் சிந்தவிடக் கூடாது. தானியம் என்று நினைத்துப் பறவைகள் கொத்தும்.

• கண்ணி வைத்து உள்ளான் பிடிப்பதும் விற்பதும் 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.